வீட்டு பீருக்குச் சாமான் வாங்கும்போது செய்யும் தவறுகள்

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 வரை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் அதை நீக்கினார். இன்று விலைக்கு விற்காத வரை, சொந்த வீட்டுக்கென்று யாரும் காய்ச்சிக்கொள்ளலாம். இங்கே வாழும் தமிழர்களிலும் இதில் ஆசை கொண்டவர்கள் உண்டு. தொடங்குவதற்கு முன் என்ன வாங்குவது என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: அங்கே உரிமம் இல்லாமல் பீர் தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கீழே சொல்வதெல்லாம் பிரிட்டனில் இருப்பவர்களுக்கு.

பெரும்பாலானவர்களின் பணம் முதலில் போகிற இடம் காய்ச்சும் பாத்திரம். பளபளக்கும் ஸ்டீல், பம்பு, டிஜிட்டல் திரை என்று எல்லாம் சேர்ந்த மின்சாரக் கொதிகலனைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. கிரெய்ன்ஃபாதர், புரூஸில்லா போன்றவை நல்ல கருவிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சுவது ஒரு நாள் வேலை. அதன்பின் ஒன்றிரண்டு வாரம் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாறு ஈஸ்டோடு சேர்ந்து நொதிக்கும் காலத்தில்தான் பீரின் ருசி அமைகிறது. அந்தக் காலத்தைக் கவனிக்கும் சாமானுக்குக் காசு மிச்சமில்லாமல் போவதுதான் என் கணக்கில் தலையாய தவறு.

வெப்பநிலையைச் சொல்கிறேன். வழக்கமான ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர்) ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வசதி. உண்மையான லாகர் (குளிர்ச்சியில் நொதிக்கும் பீர்) ஈஸ்டுக்கு 10 முதல் 12. மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காமல், ஓவனுக்குள் விளக்கைப் போட்டு மாவை வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஈஸ்டுக்கும் அதே தேவைதான். ஒரு வித்தியாசம் உண்டு. நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டை உண்டாக்கும். அறை 20 டிகிரியில் இருந்தால், உச்ச நேரத்தில் பீர் நொதிக்கும் வாளிக்குள் 23, 24 என்று ஏறிவிடும். அப்படி ஏறினால் பழ வாசம் மிகும். இன்னும் ஏறினால் நெயில் பாலிஷ் வாடையும் தொண்டையைச் சுடும் காரமும் வரும். எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் அது முழுதாகப் போகாது.

இதற்காகக் கடையில் சூடேற்றும் பெல்ட் விற்கிறார்கள். வாளியைச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும் என்று வாங்குகிறார்கள். கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் அந்த பெல்ட் இரவும் பகலும் சூடேற்றிக்கொண்டே இருக்கும். ஈஸ்ட் தானே சூடாகும் நாளிலும் நிறுத்தாது. சூடேற்றவும் குளிர்விக்கவும் இரண்டு பிளக் உள்ள வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றை முதலில் வாங்குங்கள். இங்க்பேர்டு ஐடிசி-308 பலரும் பயன்படுத்துவது. அதோடு யாரோ தள்ளிவிடும் பழைய ஃபிரிட்ஜ், உள்ளே வைக்க ஒரு சின்ன டியூப் ஹீட்டர். கட்டுப்படுத்தியின் உணரியை (சூட்டை அளக்கும் முனையை) ஃபிரிட்ஜின் காற்றில் தொங்கவிடாமல் வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே துணியோ ஸ்பாஞ்சோ மூடி டேப் போடுங்கள்; அப்போதுதான் பீரின் சூட்டை அது காட்டும். ஃபிரிட்ஜுக்கு இடமில்லையா? வாளியை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, கோடையில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டாலும் நல்ல பலன் உண்டு.

அடுத்தது சுத்தம். கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலை, இரண்டுக்கும் தனித்தனிப் பொருள் வேண்டும். ஒரே பொடி வாங்கி எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் கிருமி நீக்கி வேலை செய்யாது. கழுவ, வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட் போதும் (அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், உலோகத்தை அரிக்கும்). கிருமி நீக்க ஸ்டார் சான் போல அலசத் தேவையில்லாத அமிலக் கரைசல். லிட்டருக்குச் சுமார் ஒன்றரை மில்லி. அதன் நுரையைப் பார்த்துப் பயந்து குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். அலசினால் செய்த வேலை வீண். வீட்டு பிளீச் மலிவுதான், ஆனால் சரியாக அலசாமல் விட்டால் அதன் குளோரின் மால்ட்டோடு சேர்ந்து மருந்துப் பிளாஸ்டர் வாடையைத் தரும். பிளீச்சையும் அமிலக் கரைசலையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். குழாய்த் தண்ணீரிலேயே குளோரின் இருப்பதால், 23 லிட்டருக்குக் குளோரினை நீக்கும் கேம்டன் மாத்திரையில் பாதி போடுங்கள். சில காசுதான், ஆனால் விலையுயர்ந்த காய்ச்சும் பாத்திரம் எதுவும் இதைச் செய்யாது.

வாளி வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். இங்கே விற்கும் கிட்கள் (கெட்டியாக்கிய மால்ட் சாறும் ஈஸ்டும் சேர்ந்த தயார் தொகுப்புகள்) பெரும்பாலும் 40 பைன்ட், அதாவது 23 லிட்டர். 25 லிட்டர் வாளியில் 23 லிட்டர் ஊற்றினால் நுரைக்கு இடமில்லை. மூடி தூக்கிக்கொண்டு தரையெல்லாம் வழியும். 30 லிட்டர் வாளி வசதி. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கா என்று பாருங்கள், உள்ளே கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் கிருமி குடியிருக்கும். அடியில் குழாய் இருந்தால் அதைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். பெரிய கண்ணாடிக் குடுவை பார்க்க அழகுதான், ஆனால் நிரம்பினால் 30 கிலோவை நெருங்கும். ஈரக் கையில் நழுவினால் பீர் போவதோடு நிற்காது, ஆளையும் வெட்டிவிடும். தொடங்குகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம். இரண்டாவது வாளிக்கு மாற்றி வைக்க வேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். சாதாரண ஏலுக்கு அது தேவையில்லை; மாற்றும்போது காற்றுப் படுவதுதான் மிச்சம்.

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாயில்) குமிழி நின்றுவிட்டது, ஆகவே நொதித்து முடிந்தது என்று நினைப்பதும் பரவலான தவறு. மூடி லேசாகக் கசிந்தாலே குமிழி வராது. முடிந்ததா என்று சொல்வது, தண்ணீரை 1.000 என்று வைத்துத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான். தொடக்கத்தில் 1.045, கடைசியில் 1.010 என்றால் சுமார் 4.6 சதவீத ஆல்கஹால். இரண்டு மூன்று நாள் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது. இதை வாங்கும்போது கூடவே உயரமான அளவைக் குழாயும் வாங்குங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒளிவிலகல் மானி ஒரு சொட்டிலேயே அளக்கும் என்று ஆசைப்பட்டு அதை மட்டும் வாங்காதீர்கள். ஆல்கஹால் சேர்ந்தபின் அது காட்டும் எண்ணைத் திருத்தாமல் நம்ப முடியாது.

இது வெறும் கணக்குக்காக மட்டுமல்ல. முடியாத பீரைப் பாட்டிலில் அடைத்தால் உள்ளே வாயு பெருகி பாட்டில் வெடிக்கும். கண்ணாடித் துண்டு கண்ணைப் பறிக்கக் கூடியது. அதனால்தான் கண்ட பாட்டிலையும் சேர்க்காதீர்கள் என்கிறேன். திருகு மூடிக் கண்ணாடி பாட்டில், மெல்லிய கண்ணாடி இரண்டும் கூடாது. நிறத்தில் பழுப்புதான் நல்லது. தெளிந்த கண்ணாடியிலும் பச்சையிலும் வெளிச்சம் புகுந்து, கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சாரத்தைக் கெடுத்து நாற்றம் உண்டாக்கும். 23 லிட்டருக்கு அரை லிட்டர் பாட்டில் 46 என்று கணக்கு வரும், அடி வண்டல் போக நாற்பதைத் தாண்டி வேண்டியிருக்கும். இங்குள்ள பீர் பாட்டில்களுக்கு 26 மில்லிமீட்டர் மூடி. சில பெல்ஜியப் பாட்டிலுக்கும் ஷாம்பெயின் பாட்டிலுக்கும் 29. இரண்டையும் கலந்து சேர்த்தால் கருவி பொருந்தாது. மூடி அடிக்க இரண்டு கைப்பிடிக் கருவி மலிவு, ஆனால் நாற்பது பாட்டிலுக்கு மேசையில் நிற்கும் கருவியே மேல். முதல் தடவைக்கு ப்ளாஸ்டிக் பீர் பாட்டிலும் நல்ல வழி. கையால் அழுத்திப் பார்த்தாலே வாயு ஏறியது தெரியும்.

மால்ட் தானியத்திலிருந்தே காய்ச்ச ஆசைப்படுகிறவர்கள் பாத்திரத்தின் அளவையும் அடுப்பின் சக்தியையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 23 லிட்டர் கிடைக்க, ஆவியாவதையும் சேர்த்து 27, 28 லிட்டரில் தொடங்க வேண்டும்; பொங்க இடம் விட்டால் 33 லிட்டருக்குக் குறையாத பாத்திரம். 27 லிட்டரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 3 கிலோவாட் மின்சக்திக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சமையலறை கேஸ் அடுப்பில் சூட்டில் பாதி வெளியே போய்விடும், இரண்டு மணி நேரமும் ஆகலாம். 3 கிலோவாட் கருவியைச் சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் போடாதீர்கள், வயர் சூடாகி உருகும். அப்புறம், கொதித்த 25 கிலோவைத் தூக்கிச் சிங்கில் வைத்துக் குளிர்விக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். குளிர்ந்த நீரை ஓடவிட்டுக் குளிர்விக்கும் செம்புக் குழாய்ச் சுருள் ஒன்றையும் பட்ஜெட்டில் சேருங்கள். இத்தனையும் மலைப்பாக இருந்தால், சின்ன அளவில் தானியத்தைப் பையில் போட்டு ஊறவைக்கும் முறை போதும். 15 லிட்டர் பாத்திரம், ஒரு நல்ல வலைப்பை, 8 முதல் 10 லிட்டர் பீர். குளிர்விப்பதும் எளிது, பிடிக்காமல் போனாலும் இழப்பு குறைவு. தானியம் அரைக்கும் இயந்திரம் இப்போது வேண்டாம். அரைத்த மால்ட்டே கிடைக்கிறது.

கெக் (பீரை நிரப்பி வைக்கும் உலோகப் பீப்பாய்), கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஆகியவை இரண்டாம் கட்டம். 19 லிட்டர் கார்னி கெக்குகள் முன்பு குளிர்பான சிரப்புக்குப் பயன்பட்டவை. பழையது வாங்கினால் ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றுங்கள், பழைய பான வாசம் ரப்பரில்தான் தங்கும். கேஸ் சிலிண்டரைக் காற்றோட்டம் இல்லாத சிறு அறையில் வைப்பதும் ஆபத்து.

இந்தப் பொழுதுபோக்கைப் பாதியில் விடுகிறவர்கள் அதிகம், அதனால் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும். ஸ்டீல் பாத்திரம், செம்புச் சுருள், மூடி அடிக்கும் கருவி, ஃபிரிட்ஜ் இவற்றைத் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். வாளி, ரப்பர் குழாய், வால்வு ஆகியவை புதிதாகவே இருக்கட்டும். விற்பவர் வாளியையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் அதில் செடி வையுங்கள்.