ஞாயிறு காலை ஆறு மணி: உங்கள் ஊரில் ஒரு போட்டோ குழு தொடங்குவது எப்படி

கேமரா வாங்கிய முதல் ஆறு மாதம் பலருக்கும் ஒன்றுபோலத்தான் போகிறது. வீட்டுப் பூந்தொட்டி, மொட்டை மாடியில் நிலா, அக்கா குழந்தை, கல்யாணப் பந்தி. அப்புறம் கேமரா பீரோவுக்குள் போய்விடும். கூட வர ஆள் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் தனியாக நிற்கக் கூச்சமாக இருக்கிறது. எடுத்த படத்தை யாரிடமாவது காட்டினால் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனை நீட்டுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த படத்தை எப்படி மேலாக எடுப்பது?

மதுரையில் நாங்கள் சில பேர் இதற்காகவே ஒன்றுசேர்ந்தோம். சங்கம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சேர்ந்து நடப்போம், படம் எடுப்போம், எடுத்ததை அன்றைக்கே உட்கார்ந்து பார்ப்போம். அப்படி ஒன்றை உங்கள் ஊரில் எப்படித் தொடங்கலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணங்கள் எல்லாம் மதுரையிலிருந்து வரும். உங்கள் ஊர்த் தெருவை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள்.

படி 1: நான்கு பேரைப் பிடியுங்கள்

முதல் முறை தொடங்கியபோது வாட்ஸ்அப் குழுதான் ஆரம்பித்தோம். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு வாரத்தில் அறுபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். காலை வணக்கம், லென்ஸ் விற்பனை, எந்தக் கம்பெனி கேமரா உசத்தி என்ற சண்டை. நேரில் சந்திக்க நாள் குறித்தபோது வந்தவர்கள் ஐந்து பேர். மூன்றாம் மாதம் குழுவே அடங்கிப்போனது. ஆனால் வந்த அந்த ஐந்து பேரில் மூன்று பேர் இன்றும் வருகிறார்கள். அதனால் சொல்கிறேன், குழுவை நடையிலிருந்து தொடங்குங்கள், வாட்ஸ்அப்பிலிருந்து வேண்டாம்.

நான்கு பேர் போதும். ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலும் மூன்று பேர் இருப்பார்கள், நடை நிற்காது. எங்கே தேடுவது? நீங்கள் பிரிண்ட் போடும் கலர் லேபில் கேளுங்கள். யார் ஆசைக்குப் படம் எடுக்கிறார்கள், யார் தொழிலுக்கு எடுக்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள், பறவை பார்க்கப் போகிறவர்கள், அலுவலக விழா என்றால் கேமராவோடு முதலில் நிற்கும் ஆள், இவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

செல்போன் மட்டும் வைத்திருப்பவரைச் சேர்ப்பதா என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள். சேருங்கள். எங்கள் குழுவில் நான் மிகவும் மதிக்கும் இரண்டு படங்கள் செல்போனில் எடுத்தவை. கேமராவின் விலையை வைத்து ஆள் சேர்த்தால், பேச்சும் விலையைப் பற்றியே போகும்.

பெண்கள் வரவேண்டும் என்று உண்மையாகவே நினைத்தால் முதல் நான்கு பேரிலேயே இரண்டு பெண்களாவது இருக்கட்டும். எங்கே, எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்வதிலும் அவர்கள் இருக்க வேண்டும். இருபது ஆண்கள் சேர்ந்த பிறகு "பெண்களும் வரலாம்" என்று அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அப்பாவோ அம்மாவோ கூட வரட்டும்.

படி 2: நாள், நேரம், இடம்

"எல்லோருக்கும் எப்போது வசதி?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நாற்பது பதில் வரும், ஒரு நடைகூட நடக்காது. மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு, காலை ஆறு மணி என்று நீங்களே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். முடிந்தவர் வரட்டும். இரண்டே பேர் வந்தாலும் நடந்துவிடுங்கள். ஒரு முறை ரத்து செய்தால் அடுத்த முறை வருகிறவரும் "நடக்குமா?" என்று போன் போட்டுக் கேட்பார்.

காலை ஆறு மணிக்கு வெளிச்சம்தான் முதல் காரணம். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். வடக்கு மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கும்போது, தெருவின் நீளம் முழுக்க வெயில் தரையோடு தரையாக வந்து விழும். கிழக்கைப் பார்த்து நின்றால் சைக்கிளில் வருகிறவரும் வாசல் தெளிக்கிறவரும் நிழலுருவமாகத் தெரிவார்கள். அப்படியே திரும்பி மேற்கைப் பார்த்தால் அதே ஆட்களின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம். ஒரே இடத்தில் நின்று திரும்பினாலே இரண்டு விதமான படம். புதிதாக வருகிறவருக்கு வெளிச்சத்தின் திசையைப் புரியவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் தெருவின் ஒரு பக்கம் நிழலிலேயே கிடக்கும். அதுவும் ஒரு பாடம்தான்.

முதல் நடைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: பஸ்ஸில் வந்து சேர முடிகிற இடமா, ஒரு கிலோமீட்டருக்குள் சுற்றி முடிக்கலாமா, முடிவில் உட்கார ஒரு டீக்கடை இருக்கிறதா. நாங்கள் வண்டியூர் தெப்பக்குளத்தில் தொடங்கினோம். நாலு பக்கமும் படிக்கட்டு, நடுவில் மைய மண்டபம், தண்ணீர் இருந்தால் அதில் பிரதிபலிப்பு, கரையில் நடைப்பயிற்சி செய்கிறவர்கள். யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் எல்லாம் பிறகு போகலாம்.

படி 3: நடக்கும்போது

ஒவ்வொரு நடைக்கும் ஒரே ஒரு வேலை கொடுங்கள். "கைகள்", "நிழல்", "ஒரு கதவு, மூன்று படம்", இப்படி ஏதாவது. வேலை எதுவும் இல்லாமல் நடந்தால் எல்லோரும் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளி முந்நூறு படத்தோடு வருவார்கள். அதில் எதையும் உட்கார்ந்து பார்க்க முடியாது. நாங்கள் 36 படம் என்று எல்லை வைத்திருக்கிறோம், பழைய பிலிம் ரோல் மாதிரி. எண்ணிக்கை குறைந்தால் ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பார்கள்.

கூட்டமாகச் செல்லாதீர்கள். பத்துப் பேர் ஒரு பூக்காரம்மாவைச் சுற்றி நின்று கேமராவைத் தூக்கினால் அவருக்கு எப்படி இருக்கும்? இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள், தெரிந்தவரோடு புதியவரைச் சேர்த்து. ஒன்றரை மணி நேரம் கழித்து இந்த டீக்கடை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

புதியவருக்கு முதல் நாளே அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்று படத்தின் வெளிச்சத்தை மாற்றும் மூன்று அமைப்புகளையும் ஊட்டாதீர்கள். அவர் கண்முன்னால் வரும் சிக்கலை மட்டும் தீர்த்துக் கொடுங்கள். பூ மார்க்கெட்டில் நீலத் தார்ப்பாயின் கீழ் முகமெல்லாம் நீலமாக விழுகிறது என்று வந்து நிற்பார். அப்போது, வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் காட்டினால் வாழ்நாளில் மறக்க மாட்டார். சைக்கிள் கலங்கலாக விழுந்ததென்றால் அன்றைக்கு ஷட்டர் வேகம் மட்டும். ஒரு நடைக்கு ஒன்று போதும்.

படி 4: உட்கார்ந்து பார்ப்பது

குழுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நடையைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீர்கள்.

டீ வந்ததும் ஆளுக்கு மூன்று படம் எடுத்து வைக்க வேண்டும். முப்பத்தாறிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுப்பதே பாதிப் பயிற்சி. ஒருவரிடம் டேப்லெட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் போனையே கை மாற்றிப் பாருங்கள். எடுத்தவர் முதலில் எதுவும் பேசக் கூடாது. மற்றவர்கள் தங்களுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும்: "என் கண் முதலில் அந்தச் சிவப்பு வாளிக்குப் போகிறது", "பின்னால் உள்ள போஸ்ட் கம்பம் அவர் தலையிலிருந்து முளைத்த மாதிரி இருக்கிறது". அதற்கு அப்புறம் எடுத்தவர், தான் எதைக் காட்ட நினைத்தேன் என்று சொல்வார். அவர் காட்ட நினைத்ததற்கும் மற்றவர் கண்டதற்கும் நடுவே உள்ள தூரம்தான் அடுத்த நடைக்கான பாடம்.

"சூப்பர்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். "நன்றாக இல்லை" என்றாலும் அதே கேள்விதான். "இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்தக் கம்பம் மறைந்திருக்கும்" என்பது உதவுகிற பேச்சு. "இந்த லென்ஸில் இப்படித்தான் வரும்" என்பது யாருக்கும் உதவாது.

எங்கள் குழுவில் ஒரு அக்கா முதல் மூன்று நடையிலும் படமே காட்டவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. நான்காவது நடையில் ஒரே ஒரு படம் காட்டினார்: தெப்பக்குளத்துப் படிக்கட்டில் கழற்றிவைத்த செருப்புகள், அதன்மேல் சாய்ந்து விழுந்த கம்பி வேலியின் நிழல். பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். காட்டாமல் இருக்கவும் ஒருவருக்கு இடம் கொடுங்கள்.

படி 5: அனுமதியும் மரியாதையும்

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவும் செல்போனும் கொண்டுபோக முடியாது. கோபுரங்களை வெளியே வீதிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களுக்குக் குழுவாகப் போவதற்கு முன்னால், ஒருவர் நேரில் போய்க் கேமராக் கட்டணம், டிரைபாட் அனுமதி இரண்டையும் விசாரித்து வந்துவிடுங்கள். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்தின் பக்கத்திலும் முன் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். டிரோன் இந்த மாதிரி நடைகளுக்குத் தேவையே இல்லை.

மனிதர்கள் விஷயத்தில் எங்களுக்கு ஒரே விதி. கேமராவைக் காட்டி, கண்ணால் கேளுங்கள். தலையசைத்தால் எடுங்கள், கை ஆட்டினால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் திருட்டுத்தனமாக எடுப்பதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. குழந்தை என்றால் பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கேட்ட பிறகுதான். குளிப்பவர், அழுபவர், சாலையோரம் தூங்குபவர், இவர்களை எடுக்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப் எதற்கு?

இரண்டு மூன்று நடை ஆன பிறகு ஒரு குழு தொடங்கலாம். அடுத்த நடையின் இடம், நேரம், படங்கள், அவ்வளவுதான். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த தரத்திலேயே போகும். குழுவில் சேர்ந்தால் தன் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதை ஒவ்வொருவரிடமும் முன்பே சொல்லுங்கள். பணம் வசூலிக்க வேண்டாம். அவரவர் டீக்கு அவரவர் காசு.

ஆறு மாதம் தாண்டினால் ஒரு பெரிய வேலை

நடைகள் பழகிய பிறகு குழுவுக்குச் சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டும், இல்லையென்றால் அலுப்புத் தட்டும். எங்களுக்குக் கிடைத்தது லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த ஆங்கிலேயர். 1858-இல் மதுரையைப் படம் எடுத்தார், மெழுகு தடவிய காகித நெகட்டிவ்களில். அவர் படங்களை இணையத்திலேயே பார்க்கலாம். அவற்றில் திருமலை நாயக்கர் மகால் இடிபாடாக நிற்கிறது. நேப்பியர் பிரபு கவர்னராக வந்து அதைப் பழுது பார்த்தது 1866-க்குப் பிறகுதான். தெப்பக்குளமும் இருக்கிறது. எக்ஸ்போஷர், அதாவது படம் பதிய வெளிச்சம் விழும் நேரம், நீண்டது என்பதால் நடமாடியவர்கள் பதியவில்லை, ஊரே வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தெரியும்.

அவர் நின்ற இடத்தில் நாம் நின்று எடுத்தால் என்ன? அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய படத்தைப் போனில் திறந்துகொண்டு, முன்னால் உள்ள தூணின் விளிம்பு பின்னால் உள்ள வளைவை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பாருங்கள். அந்த இரண்டும் அதே மாதிரி பொருந்தும்வரை முன்னும் பின்னும் இடமும் வலமும் நகருங்கள். ஜூம் செய்து பொருத்தப் பார்க்காதீர்கள், நிற்கும் இடம் மாறினால்தான் கோணம் மாறும். நிற்கும் இடம் சரியாக அமைந்தால் மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். ஒரு காலை முழுவதும் நாங்கள் ஒரே ஒரு தூணுக்காக அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறோம். அன்றைக்கு எடுத்தது இரண்டே படம்.

உங்கள் ஊரில் டிரைப் வரவில்லை என்றால் பழைய ஸ்டூடியோ ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே சுவரில் மாட்டிய தேர்த் திருவிழாப் படத்திலிருந்து தொடங்குங்கள்.

பிரிண்ட் போடுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தெருவில் நீங்கள் படம் பிடித்த மனிதர்களின் படங்களை 4x6 அளவில் பிரிண்ட் போட்டுக்கொண்டு அதே தெருவுக்கே திரும்பிப் போங்கள். செலவைப் பிரித்துக்கொண்டால் பாரமாக இருக்காது. மாட்டுத்தாவணியில் மல்லிகை கட்டும் ஒரு அம்மாவிடம் அவர் படத்தைக் கொடுத்தோம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைகளை ஒன்னும் சொல்லாதீக, நம்ம பிள்ளைகதான்" என்றார். அடுத்த முறை போனபோது அந்தப் படம் தராசுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.