‘எனக்கு’ வரும் இடத்தில் ‘கெட்’: ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைப் பிடிக்கும் வழி

ஆங்கில அகராதியில் ‘கெட்’ என்ற சொல்லுக்குப் பத்தி பத்தியாகப் பொருள் போட்டிருப்பார்கள். கிடைத்தல், வாங்குதல், ஆதல், போய்ச் சேர்தல், புரிதல், மாட்டிக்கொள்ளுதல், இன்னொருவரைக் கொண்டு செய்வித்தல் என்று நீண்டுகொண்டே போகும். அதை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும். தமிழ் பேசுகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்கி, புதிதாக ஒன்று நேர்ந்ததைச் சொன்னால், அங்கே பெரும்பாலும் ‘ஐ காட்’ வந்து பொருந்தும். ‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகால வடிவம்.

எனக்கு வேலை கிடைச்சுது: ‘ஐ காட் எ ஜாப்’. எனக்குக் காய்ச்சல் வந்திடுச்சு: ‘ஐ காட் எ ஃபீவர்’. எனக்குக் கோபம் வந்திடுச்சு: ‘ஐ காட் ஆங்ரி’. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு: ‘ஐ காட் மேரீட்’. எனக்குப் புரிஞ்சுது: ‘ஐ காட் இட்’. தமிழில் கிடை, வா, ஆகு, புரி என்று நான்கு வினைகள். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. நம் மொழியில் வேலையும் காய்ச்சலும் கோபமும்தான் எழுவாய். அவை நம்மைத் தேடி வரும், நாம் நான்காம் வேற்றுமையில் நிற்போம். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய். இந்த ஒரு மாற்றத்தைப் பழகிக்கொண்டால் ‘கெட்’டில் பாதி கைக்கு வந்துவிடும்.

‘நேர்ந்தது’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேணும்’ ஆகியவையும் ‘எனக்கு’ என்றுதான் தொடங்குகின்றன. ஆனால் அவை நிலையைச் சொல்பவை, மாற்றத்தைச் சொல்பவை அல்ல. அங்கே ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’ என்று தனித்தனி வினைகள் வரும். ‘எனக்குப் பசிக்குது’ என்பது ‘ஐ ஆம் ஹங்ரி’. பசி இப்போதுதான் எடுக்கத் தொடங்குகிறது என்றால் ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’. உடைமையைச் சொல்லும் ‘இருக்கு’க்கு ‘ஹேவ் காட்’ உண்டு. ‘சில்லறை இருக்கா?’ என்று கேட்க, ‘ஹேவ் யூ காட் சேஞ்ச்?’

ஓசையிலும் ஒரு கவனம் வேண்டும். ‘காட்’ என்பதன் கடைசி ஓசை ‘பாட்டு’ என்பதில் வரும் வல்லோசை. ‘பாடு’ என்பதில் வருவது போல மெலிந்தால் அது கடவுளைக் குறிக்கும் சொல்லாகிவிடும். சொல்லின் முடிவில் ஓர் உகரத்தை ஒட்டி ‘கெட்டு’, ‘காட்டு’ என்பது நம் நாக்கின் இயல்பு. நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே நிறுத்திப் பழகினால் அது போய்விடும்.

ஆள் வைத்துச் செய்த வேலை

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சலூனுக்குப் போய்வந்தவர் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், தானே கத்தரி எடுத்து வெட்டிக்கொண்டார் என்றுதான் பொருள் போகும். ‘ஐ ரிப்பேர்ட் மை பைக்’ என்றால் ஸ்பேனர் பிடித்தது அவர்தான். தமிழில் ‘முடி வெட்டிக்கிட்டேன்’, ‘வண்டியைச் சரி பண்ணிட்டேன்’ என்றாலே, செய்தது வேறு ஆள் என்பது இடத்தைப் பொறுத்துப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதை வாக்கியத்தின் அமைப்பே சொல்ல வேண்டும்.

மூன்று துண்டுகளாக வையுங்கள். முதலில் ‘ஐ காட்’. அடுத்து பொருள்: ‘மை பைக்’. கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம்: ‘ரிப்பேர்ட்’. சேர்த்தால் ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்ட் இன் புதுப்பேட்டை’. ரிச்சி தெருவில் லேப்டாப் திரையை மாற்றியவர் சொல்ல வேண்டியது ‘ஐ காட் த ஸ்க்ரீன் ரிப்ளேஸ்ட்’. பொருளையும் வினையையும் இடம் மாற்றி ‘ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்’ என்றால் வாக்கியமே நிற்காது. காலம் மாறினால் ‘கெட்’ மட்டும் மாறும், கடைசித் துண்டு அசையாது: ‘ஐ வில் கெட் இட் ரிப்பேர்ட்’, ‘ஐ ஆம் கெட்டிங் இட் ரிப்பேர்ட்’. இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் வேறாக இருக்கும் வினைகளில் சறுக்கும். ‘கெட் இட் டன்’ சரி, ‘கெட் இட் டிட்’ தவறு.

செய்த ஆளையும் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ‘டு’ சேரும்: ‘ஐ காட் த மெக்கானிக் டு செக் த ப்ரேக்’. இதில் கேட்டு, சொல்லி, சம்மதிக்க வைத்துச் செய்வித்த சாயல் இருக்கிறது. ‘மேட்’ போட்டால் கட்டாயப்படுத்திய பொருள் வரும், ‘டு’ போய்விடும்: ‘ஐ மேட் ஹிம் செக் த ப்ரேக்’.

நாம் கேட்காமலே நம் தலையில் விழுந்ததற்கும் ‘கெட்’ உதவும். தமிழில் ‘மாட்டிக்கிட்டேன்’, ‘நனைஞ்சுட்டேன்’ என்று வருத்தத்தோடு சொல்லும் இடங்கள் அவை. ‘ஐ காட் ஸ்டக் அட் கத்திப்பாரா’, ‘ஐ காட் ட்ரெஞ்ச்ட்’. ஃபோன் திருட்டுப் போனால் ஃபோனையே எழுவாயாக்கி ‘மை ஃபோன் காட் ஸ்டோலன்’ என்பது நல்லது. ‘ஐ காட்’ என்று தொடங்கினால் நாமே ஆள் வைத்துத் திருடச் செய்தது போலவும் கேட்கக்கூடும்.

‘ஆச்சு’ வேறு, ‘போச்சு’ வேறு

‘நேரமாகுது’ என்பது ‘இட் இஸ் கெட்டிங் லேட்’. ஆவதற்கெல்லாம் ‘கெட்’ என்று பழகியவர்கள், பால் கெட்டதற்கும் ‘த மில்க் காட் பேட்’ என்பார்கள். தமிழைக் கவனித்தாலே விடை கிடைக்கும். பால் கெட்டுப் ‘போச்சு’. போவதற்கு ஆங்கிலத்தில் ‘கோ’: ‘த மில்க் வென்ட் பேட்’. கண் தெரியாமல் போனால் ‘வென்ட் ப்ளைண்ட்’. எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு உதவாது; வழி தொலைந்து போனால் ‘ஐ காட் லாஸ்ட்’தான்.

‘பழகிடுச்சு’ என்பதற்கு ‘காட் யூஸ்ட் டு’. அந்த ‘டு’வுக்குப் பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ சேர்ந்த வடிவமோதான் வரும். கத்திரி வெயில் பழகியவர் ‘ஐ காட் யூஸ்ட் டு த ஹீட்’ என்பார். காலையில் எழப் பழகியவர் ‘ஐ காட் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி’ என்பார். ‘டு வேக் அப்’ என்று முடித்தால் பிழை.

ஏறுவதும் இறங்குவதும்

‘கிண்டியில இறங்கணும்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் டு கெட் டவுன் அட் கிண்டி’ என்று சென்னை முழுக்கச் சொல்கிறோம். இந்தியாவில் யாருக்கும் புரியும். வெளிநாட்டவர் காதில், ஏணியிலிருந்தோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேலிருந்தோ இறங்குவது போலத் தொனிக்கும். ‘இறங்கு’ என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதுதான் காரணம்.

உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ. ஆலந்தூரில் லைன் மாறுகிறவர் ‘கெட் ஆஃப் அட் ஆலந்தூர்’. குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டியது என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’: கார், ஆட்டோ, ஷேர் ஆட்டோ. பைக், சைக்கிள் மேல் காலைப் போட்டு உட்காருவதால் அவற்றுக்கும் ‘ஆன்’, ‘ஆஃப்’.

போய்ச் சேர்வதற்கு ‘கெட் டு’: ‘ஹவ் டு ஐ கெட் டு சென்ட்ரல்?’ ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் ‘டு’ கூடாது. ‘வீட்டுக்கு’ என்பதில் உள்ள ‘கு’வை நினைத்து ‘கெட் டு ஹோம்’ என்று சொல்லிவிடுகிறோம்.

ஒரு சின்ன ஒலி பொருளையே மாற்றும் இடமும் உண்டு. ‘ஐ காட் டு மீட் ஹிம்’ என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐவ் காட் டு மீட் ஹிம்’ என்றால் அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். பேச்சு வேகத்தில் அந்த ‘வ்’ விழுங்கப்படுவதும் உண்டு. அப்போது நடந்ததைச் சொல்கிறாரா, நடக்க வேண்டியதைச் சொல்கிறாரா என்று முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் சில. ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ வேண்டாம். பொருள் புரியவில்லை என்றால் ‘ஐ டோன்ட் கெட் வாட் யூ மீன்’, குரல் கேட்கவில்லை என்றால் ‘ஐ கான்ட் ஹியர் யூ’. ‘மீட்டிங் காட் ஓவர்’ என்பதைவிட ‘த மீட்டிங் இஸ் ஓவர்’. ‘கெட் ஓவர்’ என்றால் காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. ‘ஐ காட் லேட்’ அல்ல, ‘ஐ ஆம் லேட்’. ‘டிட்’ வந்த வாக்கியத்தில் ‘காட்’ வராது: ‘ஐ டிட் நாட் கெட் எ சான்ஸ்’.

பழக, இரவில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்று ‘எனக்கு’ என்று தொடங்கிப் பேசிய பத்து வாக்கியங்களைத் தமிழிலேயே எழுதி, ஒவ்வொன்றும் நிலையா மாற்றமா என்று பக்கத்தில் குறியுங்கள். மாற்றம் என்று குறித்தவற்றை மட்டும் ‘ஐ காட்’ போட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்கு வராதீர்கள். தமிழிலிருந்து போனால்தான் இந்த வழி பலன் தரும்.

இதெல்லாம் பேச்சுக்கும் நண்பர்களுக்கு எழுதும் செய்திக்கும். விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் ‘கெட்’டைக் குறைக்க வேண்டும். கடிதம் கிடைத்ததற்கு ‘ரிசீவ்ட்’, சான்றிதழ் பெற்றதற்கு ‘அப்டெய்ன்ட்’, ஆனதற்கு ‘பிகேம்’, ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ‘அரைவ்ட்’. ஆள் வைத்துச் செய்த வேலைக்கு ‘காட்’ இருந்த இடத்தில் ‘ஹேட்’ போடுங்கள்: ‘ஐ ஹேட் மை சர்டிஃபிகேட்ஸ் அட்டெஸ்டட்’. துண்டுகளின் வரிசை அதேதான்.