மாடலிலிருந்து முழு அளவுக்கு: மின் விமானத்தைப் பெரிதாக்கும் கணக்கு

மாடல் அருமையாகப் பறக்கிறது என்பதற்காக அதன் பாகங்களை அப்படியே பெருக்கிவிடக் கூடாது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் இறக்கைப் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு. வேகம் 1.4 மடங்காக வேண்டும். திறனோ 11 மடங்கைத் தாண்டும். அதனால் அளவு மாறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

எடையை (கிலோ) 9.81 ஆல் பெருக்கி, தூக்குவிசை-இழுவிசை விகிதத்தால் (மேலே தூக்கும் விசை, பின்னிழுக்கும் காற்றுத்தடையைப் போல் எத்தனை மடங்கு) வகுத்து, வேகத்தால் (மீட்டர்/நொடி) பெருக்குங்கள். வருவதை மோட்டார், புரொப்பெல்லர் இரண்டின் கூட்டுச் செயல்திறனால் வகுத்தால் ஒரே உயரத்தில் பறக்கத் தேவையான வாட் கிடைக்கும்.

2 கிலோ மாடல், விகிதம் 8, வேகம் 12, செயல்திறன் 50% என்றால் 59 வாட். 3எஸ் (தொடராக 3 செல், சுமார் 11 வோல்ட்) 2200 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரியில் 80% செலவழித்தால் 20 நிமிடம். மேலேறக் கிலோவுக்கு 150–200 வாட் வேண்டும் என்பதால் 50–60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி) போடுங்கள்.

600 கிலோ விமானம், விகிதம் 12, வேகம் 40, செயல்திறன் 70%: 28 கிலோவாட். 24 கிலோவாட்-மணி பேட்டரியில் 30% இருப்பு வைத்தால் 36 நிமிடம்தான். 1973-இல் ஆஸ்திரியாவில் ஆளை ஏற்றிப் பறந்த எம்பி-இ1 மின் விமானம் நிக்கல்-காட்மியம் பேட்டரியோடு கால் மணி நேரம்கூடப் பறக்கவில்லை. 2020-இல் ஐரோப்பிய வகைச் சான்றிதழ் பெற்ற வெலிஸ் எலக்ட்ரோ மின் விமானம் 50 நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. பேட்டரி முன்னேறிய அளவுக்குத்தான் விமானமும் முன்னேறியிருக்கிறது.

மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். 50 கிலோவாட்டை 11 வோல்ட்டில் எடுத்தால் 4,500 ஆம்பியர். எந்தக் கம்பியும் தாங்காது. 350 வோல்ட்டில் 143 ஆம்பியர் போதும். இடையில் 20–25 கிலோ எடையில், 12எஸ் பேட்டரியோடு ஒரு படி கட்டாயம் வையுங்கள்.

திட்டத்தையே கவிழ்க்கக்கூடியது வெப்பம். செல்லின் உள்ளே முழுவதும் பிறக்கும் சூடு, மேற்பரப்பு வழியாக மட்டுமே வெளியேறுகிறது. பெரிய பேக்கில் ஓரத்து செல்கள் 40 டிகிரியில் இருக்கும்போதே நடு செல் 60-ஐத் தொட்டிருக்கலாம். எனவே தெர்மிஸ்டரை (வெப்பநிலை உணரி) நடுவில் ஒட்டுங்கள். தரையில் விமானத்தைக் கட்டிவைத்து 5 நிமிடம் முழு திறனில் ஓட்டி நிறுத்துங்கள். அடுத்த 10 நிமிடமும் வெப்பநிலையைக் கவனியுங்கள், நிறுத்திய பிறகும் அது ஏறும். செல்களுக்கு நடுவே தீத்தடுப்புத் தகடும், புகை விமானத்துக்கு வெளியே போக வழியும் இல்லாமல் ஆளை ஏற்றவே கூடாது.

கடைசிச் சோதனையை 30% சார்ஜில் செய்யுங்கள். முழு த்ராட்டிலில் 1 நிமிடம் ஓட்டும்போது ஏதாவது ஒரு செல் 3.0 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், தரையிறங்க முடியாமல் மீண்டும் மேலேற வேண்டிய நேரத்தில் திறன் இருக்காது. இருப்பை 40% ஆக்கி, பறக்கும் நேரத்தைக் குறையுங்கள்.