பாய்மரப் படகில் ஒரு வாரம்: அயோனியத் தீவுகளுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

கிரேக்கத் தீவு என்றதும் சாந்தோரினிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். முதல் பாய்மரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்ற வடக்குக் காற்று நாள் கணக்கில் விடாமல் அடிக்கும், பழகியவர்களே படகைத் துறையில் கட்டிவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். நாட்டின் மேற்கே அயோனியக் கடலில் கதை வேறு. அங்கே கோடைக் காலைகளில் காற்று பெரும்பாலும் இருக்காது, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கிளம்பி, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். தீவுகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஜூனும் செப்டம்பரும் நல்ல மாதங்கள்; ஆகஸ்டில் கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம்.

முதல் வேலை, படகும் அதை ஓட்டும் ஸ்கிப்பரும். உங்களில் ஒருவருக்குப் படகோட்டும் உரிமமும் இன்னொருவருக்கு அனுபவமும் இல்லாவிட்டால் கிரேக்கத்தில் படகைத் தனியாகத் தர மாட்டார்கள். ஸ்கிப்பரோடு எடுங்கள், செலவு கூடும், பரவாயில்லை. நாற்பது அடிப் படகில் பெரும்பாலும் மூன்று அறைகள் இருக்கும், ஒன்று அவருக்குப் போய்விடும், ஆக நான்கு பேர் போனால் வசதி. அவருடைய சாப்பாடும் உங்கள் கணக்குதான், அதுதான் வழக்கம். வாடகை வாரம் பொதுவாகச் சனி முதல் சனி வரை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள்.

மூட்டை கட்டும்போது சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம், வைக்க இடம் கிடையாது. மடித்துச் சுருட்டக்கூடிய துணிப்பைதான் சரி. குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வந்த பிறகு போட்டுப் பெரிய பலன் இருக்காது.

பிரெவேசா பக்கத்திலுள்ள விமான நிலையத்தில் இறங்கினால் படகு எடுக்கும் லெஃப்காடா காரில் அரை மணி நேரம்தான். தீவு என்றாலும் பாலம் உண்டு. அரிசி, வெங்காயம், குடிதண்ணீர் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி ஏற்றுங்கள், மசாலாப் பொடி ஊரிலிருந்து கொண்டுபோனால் நல்லது. படகைக் கையில் வாங்கும்போது ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள், முன்பணம் திரும்ப வரவேண்டுமே! லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான் எங்கே, கேஸ் எங்கே மூடுவது, படகு ரேடியோவின் 16ஆம் சேனலில் எப்படி உதவி கேட்பது என்று எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கழிவறை: வயிற்றுக்குள் போய் வந்ததைத் தவிர வேறெதுவும் அதில் போகக்கூடாது, காகிதம்கூடத் தனிப் பைக்குத்தான். அடைத்துக்கொண்டால் வாரமே நாறிவிடும். தண்ணீர்த் தொட்டி சின்னது, அதனால் கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் லேசாக அலசிக்கொள்வதோடு சரி.

பாதையை ஸ்கிப்பரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு 10, 15 கடல் மைலுக்கு மேல் போடாதீர்கள். மணிக்கு 5 மைல் என்றாலே மூன்று மணி நேரம் ஆகிவிடும். ஞாயிறு மெகானிசி, போகிற வழியில் கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸ் 1968இல் ஜாக்குலின் கென்னடியை மணந்த ஸ்கோர்ப்பியோஸ் தீவை வெளியிலிருந்து பார்க்கலாம். திங்கள் இதாக்காவின் கியோனி, செவ்வாய் 1953 நிலநடுக்கத்தில் தப்பிய, கெஃபலோனியா தீவின் ஃபிஸ்கார்தோ. மீதி நாட்களைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள், ஆளில்லாத அதோகோஸில் ஒற்றை வீடு நிற்கும் வளைகுடாவில் நங்கூரம் போட்டு நீந்தலாம். எங்கே போனாலும் மதியம் இரண்டு மணிக்குள் துறைக்குள் நுழைந்துவிடுங்கள், ஃபிஸ்கார்தோவில் அதற்குப் பிறகு இடம் கிடைப்பது கஷ்டம்.

நீங்கள் உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டியது படகைத் துறையில் கட்டி நிறுத்துவதை. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு, அதனால் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டித்தான் கட்டுவார்கள். கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளத்துக்கு முன்பே முன்பக்கம் நிற்பவர் நங்கூரத்தை இறக்கத் தொடங்குவார், படகு பின்னோக்கி நகர நகரச் சங்கிலி கடகடவென்று ஓடும். பின்னால் இரண்டு மூலையிலும் ஆளுக்கொரு கயிறு. காற்று வரும் பக்கத்துக் கயிறுதான் முதலில் கரைக்குப் போகவேண்டும், அது மாறினால் படகு பக்கத்துப் படகின் மேல் சாய்ந்துவிடும். பிறகு இன்னொரு கயிறு, அதன் பிறகு சங்கிலியை இறுக்கிப் பிடிமானம் பார்ப்பார்கள், கடைசியில்தான் கரைக்கு இறங்கும் பலகை. கரை எட்டுகிற மாதிரி இருக்கிறதென்று தாவாதீர்கள். இடிக்கப் போகிறது என்று கையையோ காலையோ நடுவில் கொடுக்காதீர்கள், பல டன் எடை வரும். இடி தாங்கும் காற்றடைத்த உருளையான ஃபெண்டர் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். காலையில் கிளம்பும்போது பக்கத்துப் படகின் சங்கிலி உங்கள் சங்கிலி மேல் கிடக்கும், கியோனியில் இது சாதாரணம், ஸ்கிப்பர் கயிறு போட்டுத் தூக்கி விடுவித்துவிடுவார். யாரும் கத்த வேண்டியதில்லை, ஆனால் கத்துவார்கள்.

வெள்ளி மாலைக்குள்ளேயே லெஃப்காடா திரும்பிவிட வேண்டும். டீசல் நிரப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால் பம்பில் வரிசை நிற்கும், மூன்று மணிக்கு முன்பே போய்விடுங்கள். சனி காலை 9 மணிக்குள் பொதுவாக இறங்கச் சொல்வார்கள், விமானத்தை மதியத்துக்கு மேல் போட்டுக்கொண்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.