பவுண்டு, அவுன்ஸ், கிலோ: பிறந்த குழந்தையின் எடையை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பேத்தி பிறந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "7 பவுண்டு 5 அவுன்ஸ், தாயும் சேயும் நலம்" என்று செய்தி வரும். கிலோவில் எவ்வளவு என்று ஊரில் உடனே கேள்வி எழும். யாராவது கால்குலேட்டரில் 7.5 என்று தட்டி, "3.4 கிலோ" என்பார்கள். தவறு அங்கேயே நடந்துவிட்டது.

ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், 10 அல்ல. 5 அவுன்ஸ் என்பது 0.31 பவுண்டுதான். ஆகவே குழந்தையின் சரியான எடை சுமார் 3.32 கிலோ. 85 கிராம் வித்தியாசம்தானே, போகட்டும் என்று விடலாம். ஆனால் 7 பவுண்டு 11 அவுன்ஸை 7.11 என்று போட்டால் 260 கிராம் காணாமல் போய்விடும்.

திரும்பி வரும் வழியிலும் இதே குழிதான். 3.2 கிலோவை மொபைலில் மாற்றினால் 7.05 பவுண்டு என்று காட்டும். பலர் அதை 7 பவுண்டு 5 அவுன்ஸ் என்று வாசிக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 16-ஆல் பெருக்க வேண்டும்; ஒரு அவுன்ஸ்கூட முழுதாகத் தேறாது.

எடை குறைவைக் கணக்கிடும்போது இந்தத் தவறு வீணாக வயிற்றைக் கலக்கும். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு; 10 சதவீதத்தை எட்டினால் மருத்துவர்கள் கூர்ந்து கவனிப்பார்கள். 7 பவுண்டு 8 அவுன்ஸில் பிறந்த குழந்தை இப்போது சரியாக 7 பவுண்டு என்று வையுங்கள். 120 அவுன்ஸில் 8 குறைந்திருக்கிறது, அதாவது 6.7 சதவீதம். அதையே 7.8-லிருந்து 7.0 என்று போட்டுப் பாருங்கள், 10 சதவீதத்தைத் தாண்டிவிடும்! குழந்தை நன்றாகத்தான் இருக்கும், பெற்றவர்களுக்குத்தான் தூக்கம் போகும்.

பாதுகாப்பான வழி இது. பவுண்டை 453.6-ஆலும் அவுன்ஸை 28.35-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கிராம் வந்துவிடும். கிராமிலிருந்து போக வேண்டுமானால், 28.35-ஆல் வகுத்து மொத்த அவுன்ஸை முழு எண்ணாக்குங்கள். அப்புறம் 16-ஆல் வகுத்தால் ஈவு பவுண்டு, மீதி அவுன்ஸ். இப்படிச் செய்தால் "7 பவுண்டு 16 அவுன்ஸ்" போன்ற விநோதங்கள் வராது. ஒரு பவுண்டு அரை கிலோ என்ற மனக்கணக்கு மட்டும் வேண்டாம். 7 பவுண்டுக்கே 325 கிராம் கூடிவிடும்.

ஒருமுறை மாற்றிய எண்ணை மறுபடி மாற்றுவதும் சரியில்லை. 2,500 கிராமுக்குக் குறைந்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குறைந்த பிறப்பு எடை. மிகச் சரியாக 2,500 கிராமில் பிறந்த குழந்தையை 5 பவுண்டு 8 அவுன்ஸ் என்று முழுமையாக்கி, யாரோ அதைத் திரும்பக் கிராமாக்கினால் 2,495 என்று வரும். ஒன்றும் இல்லாத குழந்தைக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும். அதனால் தராசு காட்டிய முதல் எண்ணையே கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் 'சிவப்புப் புத்தகம்' எனப்படும் குழந்தையின் உடல்நலப் பதிவேட்டில் எடை கிலோவில்தான் ஏறுகிறது. பவுண்டு பெரும்பாலும் உறவினருக்குச் சொல்லத்தான்.

பவுண்டே வராத இடத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. 3 கிலோ 50 கிராமை 3.50 என்று எழுதுவது. அது மூன்றரை கிலோ. 3.050 என்றோ, வெறுமனே 3,050 கிராம் என்றோ எழுதுங்கள்.

பால் பாட்டிலில் இருக்கும் அவுன்ஸ் கொள்ளளவு, ஏறக்குறைய 30 மில்லி. அதை எடைக் கணக்கில் கலக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மருந்து. குழந்தைகளுக்கான பல மருந்துகளின் அளவை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கிடுவார்கள். 9 பவுண்டுக் குழந்தையை 9 கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த குழந்தையை இங்கே டாக்டரிடம் காட்டும்போது "வெயிட் ஒன்பது" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். பவுண்டா கிலோவா என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே ஒருமுறை எடை போடச் சொல்லுங்கள்.