எந்த கிளாஸ் குப்பை, எந்த எக்ஸ்பேன்ஷன் தங்கம்: வார்கிராஃப்ட் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தில், எங்கள் கில்டில் (ஒன்றாக ஆடும் கூட்டம்) புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் டிஸ்கார்டில் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்கு நான் புதுசு. எந்த கிளாஸ் எடுக்கலாம்?" (கிளாஸ் என்றால் பாலடின், ஷாமன் போன்ற வீரர் வகை.) அவ்வளவுதான், டீக்கடை பெஞ்ச் அரசியல் மாதிரி அரை மணி நேரம் ஓடியது. "பாலடின் மட்டும் வேணாம்டா, ரெட்ரிபியூஷன்ல அடியே விழாது" என்றார் ஒருவர். "டெத் நைட் எடு, ஒத்தை ஆளா எல்லாத்தையும் முடிச்சிடலாம்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், ஷாமன் இல்லாமல் எந்த ரெய்டும் (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் சண்டை) நகராது, கண்ணை மூடிக்கொண்டு எடு என்று அடித்துச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேர் சொன்னதுமே உண்மைதான். முதலாவது 2005-இல் உண்மை, இரண்டாவது 2008 கடைசியில், மூன்றாவது 2007-இல். பதிலை வைத்தே யார் எந்த வருஷம் ஆட்டத்தை விட்டுப் போனார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பேட்ச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்வது

இதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்குத் தாயும் இதுதான். இந்த ஆட்டம் 2004 நவம்பரில் வந்தது. பேட்ச் என்பது இடையிடையே வரும் திருத்தம், எக்ஸ்பேன்ஷன் என்பது பெரிய புதுப் பாகம். 2024 ஆகஸ்டில் வந்த தி வார் விதின் பத்தாவது எக்ஸ்பேன்ஷன். அதில் 13 கிளாஸ், 39 ஸ்பெக் (ஒரு கிளாஸுக்குள் இருக்கும் ஆடும் முறை; ரெட்ரிபியூஷன் பாலடினின் ஒரு ஸ்பெக்). இருபது வருஷத்தில் ஒவ்வொன்றும் பலமுறை பிரித்துப் பூட்டப்பட்டிருக்கிறது. "வார்லாக் போர் அடிக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

ஆரம்ப காலத்தில் ஒரு பாஸ் (ரெய்டில் வரும் பெரிய எதிரி) மேல் ஒரே நேரத்தில் 8 டீபஃப்தான் (எதிரியைப் பலவீனமாக்கும் அல்லது மெல்லக் கொல்லும் விளைவு) ஒட்டும். பிறகு அதை 16 ஆக்கினார்கள். ரெய்டில் இருப்பதோ 40 பேர். இடம் நிறைந்த பிறகு புதிதாக ஒன்று விழுந்தால் ஏற்கெனவே இருப்பது ஒன்று கழன்றுவிடும். வார்லாக்கின் பிழைப்பே எதிரி மேல் சாபத்தையும் கரப்ஷனையும் ஒட்டிவிட்டு மெல்ல மெல்லக் கொல்வது. ஆனால் ரெய்டு தலைவர் என்ன சொல்வார்? "கரப்ஷன் போடாதே, வாரியரோட சண்டர் கழண்டுடும். ஷேடோ போல்ட்டை மட்டும் அடி." சண்டர் என்பது எதிரியின் கவசத்தைக் குறைக்கும் டீபஃப். ஒரே பொத்தானை மணிக்கணக்கில் அழுத்தியவர் வேறென்ன சொல்வார்? அந்தக் கட்டுப்பாடு போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

ஷாமன் கதை இன்னும் சுவாரசியம். பர்னிங் க்ரூசேடில், அதாவது 2007-இல், ப்ளட்லஸ்ட் என்ற திறன் 40 விநாடிக்கு 30 சதவீத வேகம் கொடுத்தது. ஆனால் ரெய்டு முழுக்கக் கிடையாது, ஷாமன் இருக்கும் ஐந்து பேர் குழுவுக்கு மட்டும்தான். 25 பேர் ரெய்டில் ஐந்து குழு. குழுவுக்கு ஒரு ஷாமன் வேண்டும் என்று ஆள் பிடிக்க அலைந்தார்கள். அடுத்து வந்த ராத் ஆஃப் தி லிச் கிங் அதை ரெய்டு முழுவதற்கும் ஆக்கியதும் ஒரு ஷாமனே போதும் என்றாகிவிட்டது. 2010-இல் கேடக்ளிசம் அதே திறனை டைம் வார்ப் என்ற பெயரில் மேஜ் கையிலும் கொடுத்தது. ஷாமனின் அடி ஒரு புள்ளிகூடக் குறையாமலேயே அதன் மார்க்கெட் சரிந்த கதை இது. "ஷாமனை நெர்ஃப் பண்ணிட்டாங்க" என்று அன்று புலம்பியவர்கள் தேடிய நெர்ஃப், அதாவது பலக் குறைப்பு, ஷாமனிடம் இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தது.

ராத் காலத்து சிஸ்டம்ஸ் வடிவமைப்புக்குத் தலைவராக இருந்த கிரெக் ஸ்ட்ரீட்டும் அவர் குழுவும் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். கிளாஸைப் பார்த்து ஆளை எடுக்காதீர்கள், ஆளைப் பார்த்து எடுங்கள் என்பதுதான் அப்போதைய கொள்கை. அதைக் கொண்டாடியவர்களும் உண்டு, "எல்லாரும் ஒரே மாதிரி ஆயிட்டாங்க, அப்புறம் கிளாஸ் எதுக்கு?" என்று கோபப்பட்டவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே சமநிலையைப் பற்றித்தான் பேசுவதாக நினைத்தார்கள். ஒருவர் பேசியது நியாயம், மற்றவர் பேசியது அடையாளம்.

மீட்டரைக் கடவுளாக்குவது

யார் எவ்வளவு அடித்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் கீழே இருந்தால் கிளாஸ் குப்பை என்று முடிவுகட்டுவது அன்றாடம் நடப்பது. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மித்திக் ரெய்டில் (மிகக் கடினமான நிலை) 20 பேர். 2 டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குபவர்), 4 ஹீலர் (குணமாக்குபவர்), மிச்சம் 14 பேர் அடிப்பவர்கள். டேங்க், ஹீலர் அடியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 13 பேர் சமமாக அடிக்கிறார்கள், உங்கள் ஸ்பெக் மட்டும் 5 சதவீதம் குறைவு. 5-ஐ 14-ஆல் வகுத்தால் ரெய்டின் மொத்த அடியில் குறைவது சுமார் 0.36 சதவீதம். 6 நிமிடத்தில் சாக வேண்டிய பாஸ் 1.3 விநாடி தாமதமாகச் சாகும்.

இப்போது உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாப் ஸ்பெக் ஆடுகிற ஒருவரை அழைக்கிறார்கள். அவர் மூன்றாவது நிமிடத்தில் தீயில் நின்று செத்துப்போகிறார். மீதி அடியைப் 13 பேர் முடிக்க வேண்டும். பாஸ் கிட்டத்தட்ட 14 விநாடி தாமதமாகச் சாகும். பத்து மடங்கு வித்தியாசம். எங்கள் ரெய்டு தலைவருக்கு இந்தக் கணக்கைக் காட்டிய நாளிலிருந்து அவர் ஸ்பெக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். தீயில் நிற்பவர்களைத் திட்டுவதை அதிகமாக்கிக்கொண்டார்.

மீட்டர் வேறு விதத்திலும் ஏமாற்றும். 2023 ஜூலையில் 10.1.5 பேட்சில் எவோக்கருக்கு ஆக்மென்டேஷன் என்ற மூன்றாவது ஸ்பெக் வந்தது. அது தானாக அடிப்பது கொஞ்சம்தான். பக்கத்தில் இருப்பவர்களின் பலத்தை ஏற்றிவிடுவதுதான் அதன் வேலை. அப்படி ஏறிய அடி மீட்டரில் யார் பெயரில் விழும்? அடித்தவர் பெயரில். ஆக, ஆக்மென்டேஷன் ஆள் பட்டியலின் அடியில் கிடப்பார், பக்கத்து மேஜ் உச்சியில் நின்று மார்தட்டுவார். அந்த அடியைப் பிரித்து உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க, சண்டைப் பதிவை அலசும் லாக் கருவிகள் தனிக் கணக்கே போட வேண்டியிருந்தது. மீட்டரை மட்டும் பார்த்தவர்கள் "இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், மித்திக் ப்ளஸ்ஸில் (ஐந்து பேர் ஆடும், கடினம் ஏறிக்கொண்டே போகும் டஞ்சன்) உயரே போன குழுக்கள் அந்த ஸ்பெக் இல்லாமல் கதவையே திறக்கவில்லை.

உச்சத்தில் ஆடுபவர்களின் பட்டியலைக் கடன் வாங்குவது

உலகிலேயே முதலில் முடிக்கப் போட்டி போடும் கில்டுகளில் ஒவ்வொருவரும் பல கேரக்டர்களைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒரு பாஸுக்கு ஒரு கிளாஸ் ஐந்து வேண்டும் என்றால் ஐந்தும் வரும். அவர்களுக்கு 3 சதவீதம் என்பது வாழ்வா சாவா. வாரத்தில் இரண்டு இரவு, அதுவும் குழந்தை தூங்கிய பிறகு ஆடுகிற நமக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. ஒருமுறை நானே பட்டியலைப் பார்த்து வார்லாக்கை ஓரங்கட்டிவிட்டு வேறொரு கிளாஸை மூன்று வாரம் உழைத்து வளர்த்தேன். கவசம் சேர்ந்து ரெய்டுக்குத் தயாரான வாரம் அதற்கு நெர்ஃப், வார்லாக்குக்கு பஃப், அதாவது பலக் கூட்டல். கோயம்பேட்டில் வரிசை மாறி நிற்பவன் கதைதான்.

இதில் நமக்கென்று ஒரு விஷயம் உண்டு: பிங். நம் ஊரில் இந்த ஆட்டத்துக்கு சர்வர் இல்லை. வெளிநாட்டு சர்வரில் 150, 200 மில்லி விநாடி தாமதத்தோடு ஆடுகிறோம். அதனால் அடி குறையும் என்பது பொதுவான நம்பிக்கை, பெருமளவு தப்பு. ஒரு திறன் முடிவதற்கு முந்தைய 400 மில்லி விநாடிக்குள் அடுத்த பொத்தானை அழுத்தினால் ஆட்டம் அதை வரிசையில் எடுத்துக்கொள்ளும். சுழற்சி பெரிதாகக் கெடாது. கெடுவது எதிரியின் மந்திரத்தைக் கடைசி நொடியில் தடுப்பது, விழும் அடியைப் பார்த்துவிட்டுத் தற்காப்புப் போடுவது, பிவிபி எனும் ஆட்டக்காரர்களுக்கிடையிலான சண்டை. "ரோக் எனக்கு செட் ஆகல" என்று சொல்வதற்கு முன்னால் அது ரோக்கின் குற்றமா, கடலுக்கடியில் போகும் கேபிளின் குற்றமா என்று பார்த்துவிடுவது நல்லது.

பலத்தையும் சுவையையும் ஒன்றாகக் குழப்புவது

2016-இல் லீஜன் வந்தபோது சர்வைவல் ஹண்டர் வில்லைக் கீழே போட்டுவிட்டு ஈட்டியோடு நெருங்கிச் சண்டை போடத் தொடங்கியது. டெமனாலஜி வார்லாக்கிடமிருந்து அசுரனாக உருமாறும் மெட்டமார்ஃபசிஸ் போனது, புதிதாக வந்த டெமன் ஹண்டரிடம் அது இருந்தது. அந்த இரண்டு ஸ்பெக்கையும் வருஷக்கணக்கில் ஆடியவர்கள் கொதித்தார்கள். பதிலுக்குப் பலர் சொன்னது, "நம்பர் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" நம்பர் அவர்களுடைய பிரச்சினையே இல்லை. பிரியாணி கேட்டவனிடம் தயிர்சாதத்தின் அளவைக் கூட்டித் தருகிறேன் என்றால் எப்படி? எண்ணை ஒரு வாரத்து ரீசெட்டில் மாற்றிவிடலாம். கையில் இருக்கும் உணர்வை மாற்ற ஒரு எக்ஸ்பேன்ஷன் ஆகும். குறை சொல்லும்போது எது குறை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சமநிலையை மட்டும் பார்த்து, பூட்டைப் பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால் எக்ஸ்பேன்ஷன்கள் பற்றிய சண்டையில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். 5 சதவீத வித்தியாசம் எல்லாக் காலத்திலும் இருந்தது. அது எவ்வளவு வலிக்கும் என்பது, மாற்றிக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்பதைப் பொறுத்தது. லீஜனில் ஒவ்வொரு ஸ்பெக்குக்கும் தனி ஆர்ட்டிஃபாக்ட் ஆயுதம், அதற்குத் தனியாகச் சக்தி சேர்க்க வேண்டும். ஒரே கிளாஸுக்குள் ஸ்பெக் மாறுவதற்கே வாரக்கணக்கில் உழைப்பு. லெஜண்டரி பொருளோ அதிர்ஷ்டத்தின் கையில். நல்லது கிடைத்தவர் பறந்தார், கிடைக்காதவர் தன் கிளாஸைத் திட்டினார்.

2020 நவம்பரில் வந்த ஷேடோலேண்ட்ஸ் இதை இன்னும் இறுக்கியது. கிரியன், வென்தியர், நைட் ஃபே, நெக்ரோலார்ட் என்று நான்கு கவனன்ட் (அணி). ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதன் திறன்தான் கையில் இருக்கும். விட்டுவிட்டு வந்த கவனன்ட்டுக்குத் திரும்பிப் போவதென்றால் வாரம் தாண்டும் வேலை. ரெய்டுக்கு ஒன்று சிறந்தது, மித்திக் ப்ளஸ்ஸுக்கு வேறொன்று, கதைக்காகப் பிடித்ததோ மூன்றாவது. இந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று சோதனைக் கட்டத்திலேயே ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். 2021 நவம்பரில், 9.1.5 பேட்சில்தான் திறந்தது. திறந்த பிறகு கவனன்ட் சமநிலை பற்றிய கூச்சல் பெரிதாகக் கேட்கவில்லை. வித்தியாசம் அப்படியே இருந்தது, அபராதம்தான் போனது.

முதல் மாதத்தையோ கடைசி மாதத்தையோ முழு எக்ஸ்பேன்ஷனாக எண்ணுவது

ஷேடோலேண்ட்ஸ் முதல் நாளிலேயே 37 லட்சம் பிரதி விற்றது. அதைக் காட்டி அன்று புகழ்ந்தவர்கள் ஒரு வருஷம் கழித்து வாய் திறக்கவில்லை. 2014 நவம்பரில் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் வந்தபோது சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். 2015 நடுவில் 56 லட்சம். காரணம் கிளாஸ் சமநிலை இல்லை, வீட்டிலேயே உட்காரவைத்த கேரிசன் என்ற சொந்தக் கோட்டையும் செய்வதற்கு ஒன்றுமில்லாத மாதங்களும்தான். ஆனால் அதன் ப்ளாக்ராக் ஃபவுண்டரி ரெய்டை இன்றும் சிலாகிப்பவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். பாண்டாவைக் காட்டியதும் சிரித்த கூட்டம் மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியாவைப் பிறகு தேடித்தேடிப் பாராட்டியது. அதிலும் கடைசி ரெய்டு ஒன்றையே 14 மாதம் ஆடவேண்டி வந்ததைப் பாராட்டும்போது மறந்துவிடுவார்கள்.

சந்தா எண்ணிக்கையை ஆதாரமாக எடுத்து வீசுபவர்களுக்கு இரண்டு விஷயம். 2015 கடைசியோடு அந்த எண்ணைக் காலாண்டுதோறும் வெளியிடும் வழக்கத்தை நிறுவனமே நிறுத்திவிட்டது. "இப்ப இத்தனை பேர்தான் ஆடுறாங்க" என்பவர் குத்துமதிப்பாகச் சொல்கிறார். உச்சமான 1.2 கோடி 2010 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. சீனாவில் ராத் வெளியானது அந்த ஆகஸ்ட் கடைசியில்தான். எண் உயர்ந்ததெல்லாம் ராத்தின் வில்லன் ஆர்தஸின் அழகால் மட்டும் இல்லை.

பழைய நினைவை அளவுகோலாக்குவதும் இதே ரகம். ஆரம்பகால ரெய்டின் கடைசி பாஸான ரக்னரோஸ் முதன்முதலில் வீழ்ந்தது 2005 ஏப்ரலில், ஆட்டம் வெளியாகி ஐந்து மாதம் கழித்து. 2019 ஆகஸ்டில் பழைய ஆட்டத்தையே மறுபடி தரும் கிளாசிக் வந்தபோது ஒரே வாரத்துக்குள் செத்தான். அடித்தவர்களில் சிலர் முழு லெவலைக்கூடத் தொடவில்லை. கிளாசிக்கில் இருந்தது பழைய ஆட்டத்தின் கடைசி பேட்ச் என்பதால் திறன்கள் கொஞ்சம் தேறியிருந்தன, அது நியாயமான சாக்கு. ஆனால் பெரிதாக மாறியிருந்தது ஆட்டக்காரர்கள்தான். டேங்க் என்று மட்டுமே பலர் அறிந்திருந்த வாரியர், ஊர் ஊராகப் போய் பஃப் சேர்த்துக்கொண்டு வந்து மீட்டரின் உச்சியில் ஏறி உட்கார்ந்தார்.

குறையை எழுதும் விதம்

"வார்லாக் செத்துப்போச்சு, டெவலப்பர்கள் தூங்குறாங்க" என்று எழுதினால் நான்கு லைக் கிடைக்கும். "இந்த பேட்சில், ஒற்றை எதிரி மேல், நின்று அடிக்க முடிகிற பாஸில் டெஸ்ட்ரக்ஷன் வார்லாக் சரியாக இருக்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை நகரவைக்கும் பாஸில் கேயாஸ் போல்ட்டைப் பாதியில் விட வேண்டியிருக்கிறது, அங்கேதான் பின்தங்குகிறேன், இதோ லாக்" என்று எழுதினால் அதில் திருத்துவதற்கு ஏதாவது இருக்கும். சில சமயம் எழுதி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிடும், நகர வேண்டிய இடத்தில் ஐந்து விநாடி முன்னாலேயே போய் நின்றிருக்கலாமே என்று.

அந்தத் தம்பி ஹண்டர் எடுத்தான். மூன்று அண்ணன்களும் அதைச் சொல்லவே இல்லை. ஏன்டா என்றேன். "கூட ஒரு ஆமை வருதுண்ணா."