மீட்டரும் ஒரு மூங்கில் குச்சியும்: வீட்டுத் தண்ணீர், கரண்ட் கணக்கை நாமே எடுப்பது எப்படி?

எங்கள் வீடு கோவையில். நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை குழாயில் வரும், தரைத்தொட்டியில் நிரம்பும், மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்வோம். போன வருடம் ஆள் யாரும் கூடவில்லை, விருந்தாளி வரவில்லை. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்ட மோட்டாரைத் தினமும் போட வேண்டியதாயிற்று. வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. நீங்கள் அந்த ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேண்டிய பொருட்கள் குறைவு: ஒரு நோட்டு, செல்போன், இஞ்ச் டேப், சுத்தமான காய்ந்த மூங்கில் குச்சி, கொஞ்சம் கேசரி பவுடர்.

படி 1: தண்ணீர் மீட்டரைப் படிப்பது

மீட்டர் பெட்டியைத் திறந்து கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர். ஒரு கிலோலிட்டர் என்றால் 1000 லிட்டர். சிவப்பு முட்கள் அதற்குக் கீழே உள்ள கணக்கு: ×0.1 என்று போட்டிருக்கும் வட்டத்தில் ஒரு கோடு 100 லிட்டர், ×0.01 வட்டத்தில் 10 லிட்டர், ×0.001 வட்டத்தில் 1 லிட்டர். முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் கடந்துவந்த சின்ன எண்ணை எழுதுங்கள். 9-க்கும் 0-க்கும் நடுவில் நின்றால் 9.

மீட்டர் ஓடுகிறதா என்பதை நடுவில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரம் காட்டும். துளித்துளியாகப் போனால்கூட அது மெல்ல நகரும். உள்ளே ஒரு சிறிய காற்றாடி போன்ற சக்கரம் இருக்கிறது. தண்ணீர் அதைச் சுற்றிவிடும், சுற்றுக்களைப் பற்சக்கரங்கள் எண்ணும். 1850-களில் இங்கிலாந்தில் வில்லியம் சீமென்ஸ் செய்து விற்ற தண்ணீர் மீட்டரும் இப்படிச் சுற்றை எண்ணும் வகைதான்.

எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் அது மீட்டர் பொருத்திய நாளிலிருந்து சேர்ந்துவந்த மொத்தம். இரண்டு தேதிகளில் எழுதிக் கழிக்க வேண்டும். 1-ஆம் தேதி 329, அடுத்த மாதம் 1-ஆம் தேதி 347 என்றால் 18 கிலோலிட்டர், அதாவது 18,000 லிட்டர். வீட்டில் நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டி சொல்லும் அளவு 135 லிட்டர். ஒப்பிட்டுப் பார்க்க அது ஒரு நல்ல கோடு.

தண்ணீர் வரும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். காலியாக இருந்த குழாயில் முதலில் காற்றுதான் சீறிக்கொண்டு வரும். அந்தக் காற்றும் சக்கரத்தைச் சுற்றிவிடும். மீட்டருக்கு அடுத்து, தொட்டிக்கு முன்னால் குழாய் இருந்தால், தண்ணீர் சீராக வந்தபின் 15 லிட்டர் பக்கெட் ஒன்றைப் பிடித்து முள் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். மீட்டர் சரியாக இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

படி 2: மாடித் தொட்டிக்குக் குச்சி

இணையத்தில் கசிவு கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் பல வீடியோக்கள் வெளிநாட்டு வீடுகளை வைத்து எடுத்தவை. "எல்லாக் குழாயையும் மூடுங்கள், மீட்டர் நகர்ந்தால் கசிவு" என்பார்கள். அங்கே இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் நிற்கும், ஆகவே அது சரி. நம் வீட்டில் தண்ணீர் வரும்போது மட்டும்தான் மீட்டருக்கு வேலை. அது அளப்பது தரைத்தொட்டிக்குள் விழுவதை. கசிவோ மாடித் தொட்டிக்குக் கீழே, பாத்ரூமில் இருக்கும். அதை மீட்டர் எப்படிக் காட்டும்? ஆகவே நமக்கு அளக்கும் இடம் இரண்டு வேண்டும். இரண்டாவதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கில் தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குள் அளவுக்கம்பி விட்டு இருப்புப் பார்ப்பார்களே, அதே வேலைதான்.

முதலில் உங்கள் தொட்டியில் 1 செ.மீ. என்பது எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். உருளைத் தொட்டி என்றால் அதன் சுற்றளவை டேப்பால் செ.மீ.யில் அளங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி, 12.57-ஆல் வகுத்து, பிறகு 1000-ஆல் வகுங்கள். எங்கள் தொட்டிக்குச் சுற்றளவு 345. 345 × 345 = 1,19,025. வகுத்தால் ஏறக்குறைய 9.5 வருகிறது. அதாவது நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது. சிமெண்டுத் தொட்டி என்றால் இன்னும் சுலபம்: உள்பக்க நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் போதும்.

குச்சியில் செ.மீ. கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். செங்குத்தாக அடிவரை விட்டு எடுத்து, ஈரம் எங்கே நிற்கிறது என்று படியுங்கள். தொட்டி மூடியை உடனே மூடிவிடுங்கள், கொசு முட்டையிட ஒரு ராத்திரி போதும்.

படி 3: ராத்திரிச் சோதனை

இதுதான் இந்தப் பதிவின் உயிர். வீட்டில் தானாக மோட்டார் ஓடும் கருவி இருந்தால் முதலில் அதை அணையுங்கள். மறந்தால் நடுராத்திரியில் தொட்டி நிரம்பி எல்லாக் கணக்கும் பாழ். எல்லாரும் படுக்கப்போகும் நேரத்தில், பத்து மணிக்கு, ஒரு அளவு. விடிகாலை ஐந்து மணிக்கு, யாரும் குழாயைத் திறக்கும் முன், இன்னொரு அளவு. இருட்டில் தனியாக ஏணி ஏறாதீர்கள், லைட் பிடிக்க ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி யாராவது கழிப்பறை போனால் அந்த ஒரு ஃப்ளஷ்ஷைக் கழித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் 3 செ.மீ. இறங்கியிருந்தது. ஏழு மணி நேரத்தில் 28 லிட்டர். மணிக்கு 4 லிட்டர், நாளைக்கு 97 லிட்டர், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 லிட்டர். ஒரு சத்தம் இல்லை, தரையில் ஒரு ஈரம் இல்லை.

மறுநாள் ராத்திரி, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் மட்டம் இறங்கினால் தொட்டியிலேயே ஓட்டை. இறங்கவில்லை என்றால் குற்றவாளி கீழே இருக்கிறது.

படி 4: கேசரி பவுடர்

கீழே என்றால் முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க்தான். மூடியைத் திறந்து அரை ஸ்பூன் கேசரி பவுடரைப் போட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பைக்குள் ஆரஞ்சு நிறம் கசிந்து வந்திருந்தால் அடி வால்வின் ரப்பர் வாஷர் போய்விட்டது. எங்கள் மாடி பாத்ரூமில் அதுதான். கோப்பையின் உள்சுவரோடு ஒட்டி மெல்லிய படலமாக இறங்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, நிறம் சேர்ந்தால்தான் தெரிகிறது.

நிறம் வரவில்லை என்றால் சொட்டும் குழாய்களின் கீழே டம்ளர் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் குழாய். பிளம்பரைக் கூப்பிடுங்கள். கையில் எண்ணோடு பேசினால் அவருக்கும் வேலை சுலபம்.

படி 5: கரண்ட் மீட்டர்

திரையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும்: தேதி, நேரம், வோல்டேஜ், இன்னும் சில. பக்கத்தில் கேடபிள்யூஹெச் என்று ஆங்கிலத்தில் வரும்போது தெரிவதே யூனிட். புள்ளிக்குப் பின் வருவதை விட்டுவிடலாம். கேவிஏஹெச் என்று வருவது வேறு, குழம்ப வேண்டாம். முந்தைய ரீடிங் அட்டையிலோ பில்லிலோ இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த வசதி சும்மா வந்ததில்லை. 1880-களில் நியூயார்க்கில் எடிசன் மின்சாரம் விற்றபோது மீட்டர் என்பது துத்தநாகத் தகடுகள் தொங்கும் ஒரு ஜாடி. மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து இன்னொன்றுக்குத் துத்தநாகம் நகரும். கம்பெனி ஆள் வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டுபோய் எடை போட்டுத்தான் பில் போட வேண்டும். வீட்டுக்காரருக்குப் படித்துப் பார்க்க ஒரு எண்கூடக் கிடையாது. 1889-இல் புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாதி உருவாக்கிய சுழல்தட்டு மீட்டரின் வாரிசுகளைத்தான் நம் பழைய வீடுகளில், கண்ணாடிக்குப் பின்னால் வட்டத்தகடு சுற்றும் கறுப்புப் பெட்டிகளாகப் பார்த்திருக்கிறோம். இப்போது தட்டுக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

அந்த மினுக்கலையும் படிக்கலாம். மீட்டரின் முகப்பில் 3200 இம்ப் அல்லது 1600 இம்ப் என்று இருக்கும். அத்தனை மினுக்கல் சேர்ந்தால் ஒரு யூனிட். ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிரிட்ஜையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, செல்போனில் நேரம் வைத்துப் பத்து மினுக்கலுக்கு எத்தனை வினாடி என்று பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250-ஐ அந்த வினாடியால் வகுங்கள், 1600 என்றால் 22,500-ஐ வகுங்கள். வருவது வாட்.

3200 மீட்டரில் 225 வினாடி ஆனால் 50 வாட். எதுவும் ஓடாதபோது 50 வாட்டா? செட் டாப் பாக்ஸ், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் சார்ஜ் ஆவது, இவைதான் பெரும்பாலும். இரண்டு மாதத்துக்கு அது 72 யூனிட். 2025 கணக்குப்படி தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்ததே 100 யூனிட்.

இன்னொன்று, முப்பதாவது நாள் கட்டாயம் ஒருமுறை ரீடிங் பாருங்கள். 2025 கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். 101 முதல் 200 வரை இருந்த மலிவான விலை போய்விடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பதாவது நாளில் 250-க்கு மேல் போயிருந்தால் மீதி முப்பது நாள் உங்கள் கையில் இருக்கிறது.

படி 6: நோட்டு

தேதி, தண்ணீர் மீட்டர், குச்சி அளவு, கரண்ட் மீட்டர் என்று நாலு கட்டம். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ரீடிங்கைப் போட்டோவும் எடுத்துவையுங்கள், பில்லில் எண் மாறியிருந்தால் காட்ட உதவும்.

வாஷர் மாற்றிய அன்று ராத்திரி பத்து மணிக்குக் குச்சியில் ஈரம் 61-ஆம் கோட்டில் நின்றது. காலையில் மகளை லைட் பிடிக்கச் சொல்லி மறுபடி விட்டு எடுத்தேன். 61.